கற்சுவருக்குள் ஒரு கம்பி

என் வீட்டு நெற்வேர்க்கைப் பற்றி நான் வாய் திறந்தால் வீட்டில் எல்லோரும் எழும்பிப் போய்விடுகிறார்கள். நீங்களாவது இருந்து கேளுங்கள்!

வட்டுக்கோட்டையில் இருந்தபடி லண்டன் கம்பனிக்கு வேலை செய்கிறேன் என்றால், "கொழும்புக்குப் போகாமல் சரிவருமோ தம்பி?" என்றுதான் சனம் கேட்கும். வடிவாய்ச் சரிவரும். 1823 இல் இங்கே செமினரி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரின் கடிதம் கப்பலேறிப் பொஸ்ரன் போய்ச் சேர மாதக்கணக்கானது. நான் பேசுவது அரைச் செக்கனுக்குள் லண்டனில் கேட்கிறது. கடல் தாண்டுவது இப்போது பெரிய காரியமே இல்லை. எங்கள் விறாந்தையிலிருந்து அறைக்குள் வருவதுதான் பெரும்பாடு.

சுண்ணாம்புச் சாந்து பூசிய ஒன்றரை அடிக் கற்சுவர் வெக்கைக்கு அருமருந்து, வைஃபைக்கு எமன். வேகமான 5 கிகாஹேட்ஸ் அலை முதல் சுவரிலேயே படுத்துவிடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் வேகம் இராது. வயரில்லாத மெஷ் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேச அதே சுவரைத்தானே தாண்ட வேண்டும்? 2025 யூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் அதை வாங்கச் சொல்லி ஆலோசனைகள் குவிந்தன. வானத்திலிருந்து வந்தாலென்ன, வீட்டுக்குள் அதே சுவர்தான்.

ஆகவே கம்பி இழுத்தேன். ஆகா, அந்தச் சுகம்! கூரைக்குக் கீழே, அணில் கடிக்காதபடி பி.வி.சி. குழாய்க்குள், கேட்-6 கேபிள். கணினிக்கு நேரடியாக ஒன்று, அறைகளில் வைத்த வைஃபை பெட்டிகளுக்கு ஒவ்வொன்று. வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாய்த் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எட்டு இழையும் சரியாகப் பொருந்தினால்தான் 1000 மெகாபிட். ஓர் இழை பிசகினாலும் 100க்கு இறங்கிவிடலாம், இணைப்பே வராமலும் போகலாம்.

கறண்ட் கதை இன்னும் இனிப்பு. பைபர் இணைப்பில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் கறண்ட் தேவைப்படும் கருவி எதுவுமில்லை. ஊரே இருண்டாலும் எக்ஸ்சேஞ்சில் ஜெனரேற்றர் ஓடினால் பைபர் இழைக்குள் வெளிச்சம் வந்துகொண்டேயிருக்கும். நம் பக்கத்துப் பெட்டிகள் உயிரோடிருந்தால் போதும். 12 வோல்ற் மினி யூ.பி.எஸ். ஒன்று மணிக்கணக்கில் அவற்றைத் தாங்குகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்து நாடு முழுக்கக் கறண்ட் போனதே, அன்றும் என் றவுட்டரில் பச்சை லைற் எரிந்தது. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர் அப்பா. யூ.பி.எஸ்.ஸைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ?" என்றார். இவ்வளவுதான்!

ஆனால் என்னை முற்றாக மயக்கியது றவுட்டருக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன வசதி. வீட்டில் யாரோ போனிலிருந்து கலியாண வீடியோவை ஏற்றத் தொடங்கினால் என் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். 2022 பெற்றோல் வரிசையில் பீப்பாய்க்காரனுக்குப் பின்னால் ஒரு போத்தலோடு நின்ற கதைதான். வரிசையை ஒழுங்குபடுத்தும் அந்த வசதியைப் போட்டு, ஏற்றும் வேகத்தை உண்மையான அளவைவிடப் பத்து வீதம் குறைத்து வைத்தேன். போத்தல்காரனுக்கு உடனே வழி கிடைத்தது! வேகத்தைக் குறைத்ததால் பேச்சு தெளிந்தது என்றால் எவர் நம்புவார்? பக்கேஜ் காசைக் கூட்டிக் கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்து, கிணற்றடி மாமரத்தடிக்கும் இணைப்பைக் கொண்டுபோக வேண்டும். ஐப்பசி இடிமின்னலில் வெளியே செம்புக் கம்பி ஓடினால் மின்னல் உள்ளே வர வழி வைத்தது போலாகும். கண்ணாடி இழையில் அந்தப் பயமில்லை. உலோகமில்லாத பைபர் கேபிள் வாங்கியாச்சு. மாரி தொடங்கமுன் குழி வெட்ட வேண்டும்.