புதுநூல்களும் பழைய உரைகல்லும்
(மாத்தளை வழி வந்த நூல்கள் சில பற்றிய ஓர் ஆய்வு)

நூல் ஒன்று தோன்றிய பின்னர் அதனை அவையின் முன் வைத்து, அவையினர் வினாவும் குற்றங்களுக்கு விடை கூறி, அதன் பின்னரே உலகில் உலவவிடுதல் தமிழர் கண்ட மரபாகும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பாயிரம் கூறும். ஆசான் கேட்க, தொல்காப்பியர் அரில்தபத் தெரிந்து காட்டினார். புகழ்வதற்கென்று அங்கு எவரும் அழைக்கப்பட்டதாகப் பாயிரத்திற் செய்தி இல்லை.

இக்காலத்து வெளியீட்டு விழாக்களோ வேறு வகையின. மாலையும் மங்கல விளக்கும் உண்டு. முதற்பிரதி, சிறப்புப்பிரதி பெறுவோரின் வரிசையும் உண்டு. நூலின் குறையை எடுத்துரைப்போர் மட்டும் இலர். நூலாசிரியரின் உழைப்பும் வறுமையும் விரித்துப் பேசப்படும், நூல் பேசப்படாது. மலைநாட்டிலிருந்து வெளிவரும் நூல்களுக்கு இக்கேடு இருமடங்காக நேர்கின்றது. “துன்புற்ற மக்கள் எழுதிய நூல், அதிற் குறை காணல் தகுமோ?” என்ற இரக்கம் அங்கே மதிப்பீட்டின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகின்றது. இரக்கம் நல்லதே, ஆயினும் அது திறனாய்வாகாது. ஓர் எழுத்தாளனைப் பிறரோடொப்ப நிறுத்தி அளத்தலே அவனுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.

அளப்பதற்குக் கோல் வேண்டும். அதனை மேல்நாட்டிலிருந்தே கடன் பெறல் வேண்டும் என்பதில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூற்குக் குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்துள்ளார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் முதலிய குற்றங்கள் பள்ளி மாணவர் மனனஞ் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவனவாக உள்ளன. அவற்றைப் புதுநூல்களின்மேல் உரைத்துப் பார்ப்பின் அவை இன்னும் மழுங்காத உரைகல்லே என்பது புலனாகும். மாத்தளையோடும் அதனூடாக விரிந்த மலைநாட்டோடும் தொடர்புடைய நூல்கள் சிலவற்றை அவ்வாறு நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

மாத்தளையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்ற இடமெனப் போற்றப்படும் அளுவிகாரை இந்நகரின் அருகிலேயே உள்ளது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மலையேறிய வாயிலும் மாத்தளையே. அவ்வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டு 12 இல் இந்நகரிலேயே நிறைவுற்றது. ஏடு எழுதப்பெற்ற மண்ணில், ஏட்டில் இடம்பெறாத மக்கள் வந்து சேர்ந்தனர். அவர்தம் கதை எப்போது, எவரால், எவ்வாறு எழுதப்பட்டது என்பதே ஈண்டுள்ள வினா.

முதற்கண் ஒரு பழைய நூலைக் குறிப்பிடல் வேண்டும். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869 இல் வெளிவந்தது. கோப்பிச் செய்கையைப் பாடுபொருளாகக் கொண்ட நூல் அது. அதே 1869 இலேதான் இலங்கைக் கோப்பியைப் பின்னர் அடியோடு அழித்த இலைநோய் முதன்முதலிற் கண்டறியப்பட்டது. புகழ்ப்பாட்டும் நோயும் ஒரே ஆண்டிற் பிறந்தன. கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டு. அவ்வடிவம் செய்கையின் சிறப்பைப் பாடப் பயன்பட்டதே அன்றி, செய்தவளின் களைப்பைப் பாடுதற்குப் பயன்படவில்லை. இது குன்றக் கூறல் என்னும் குற்றம். சொல்லியவை பொய்யல்ல, சொல்லாது விட்டதனால் நூல் முழுதும் பொய்யின் சாயல் பெறுகின்றது. தொழிலாளர் தாமே பாடிய பாடல்களோ அச்சேறுவதற்கு நெடுங்காலம் காத்திருந்தன, சி.வி. வேலுப்பிள்ளையும் சாரல்நாடனும் அவற்றைத் தேடித் தொகுத்தமையாலேயே அவை இன்று கிடைக்கின்றன.

அண்மைக்கால நூல்களில் இக்குறையை ஈடுசெய்ய முற்பட்டது இரா. சடகோபனின் ‘கண்டிச் சீமையிலே’ (2014). கோப்பிக் கால வரலாறு கூறும் இந்நூலின் தலைப்பே அதன் நோக்கைக் காட்டும். ‘கண்டிச் சீமை’ என்பது அரசாங்க ஏடுகளின் சொல் அன்று. நாட்டார் பாடலில் வழங்கும் சொல். ஆயினும் இத்தகைய வரலாறு எழுதுவோர் யாவர்க்கும் ஓர் இடர் உண்டு. கோப்பிக் காலத்துக்குரிய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் ஆங்கிலத்தில் விட்டுச்சென்றவை. நடந்து வந்தவர் எழுதவில்லை. எழுதியவர் நடந்து வரவில்லை. ஆதலின் இவ்வகை நூலைப் பயில்வோர், ஒரு பக்கத்தில் இவ்வரலாற்றையும் மறுபக்கத்தில் வாய்மொழிப் பாடற்றொகுப்பையும் வைத்துக் கற்றல் வேண்டும். ஒன்று கணக்கைத் தரும். மற்றது கணக்கில் வராததைத் தரும்.

அதே ஆண்டில் அவ்வாசிரியரே ‘கசந்த கோப்பி’ என்னும் மொழிபெயர்ப்பு நாவலையும் அளித்தார். மூலநூல் வைத்திய நிபுணர் ஆர்.எல். ஸ்பிட்டலின் மகளாகிய கிறிஸ்ரின் வில்சன் ஆங்கிலத்தில் எழுதியது. மொழிபெயர்ப்பு என்பது பொதுவாக அயலார் பொருளை நம் வீட்டிற்குக் கொணர்தலாகும். இங்கு நிகழ்ந்தது அதன் மறுதலை. தமிழர் தமிழிலே பேசி வாழ்ந்த வாழ்வொன்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்னர் தமிழுக்குத் திரும்புகின்றது. எனவே இத்தகைய நூலின் மொழிபெயர்ப்பாளர்க்கு இரட்டைக் கடமை உண்டு: மூலத்துக்கு உண்மையாயிருத்தல் ஒன்று; மூலத்துக்கும் முந்திய மூலமாகிய அம்மக்களின் பேச்சுக்கு உண்மையாயிருத்தல் மற்றொன்று. இரண்டும் முரணுமிடத்து எதனைக் கொள்வது? ஆங்கில ஆசிரியையின் நோக்கைத் திருத்தும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. ஆனால் பாத்திரத்தின் வாயில் அவனுக்குரிய சொல்லை மீட்டு வைக்கும் உரிமை உண்டு. இந்நூலைக் கற்போர் உரையாடற் பகுதிகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவாராயின் பெரும்பயன் பெறுவர்.

இனி, நாவல். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964 இல் வெளிவந்தது. இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அதே 1964 இலேயே கைச்சாத்தானது. வள்ளி என்னும் பெண்ணின் வாழ்வை நடுவாகக் கொண்ட அந்நாவலைப் பழைய நூல் என ஒதுக்குதற்கில்லை. ஆசிரியையின் ஆங்கில வடிவம் 2006 இல் வந்தபின் அது புதிய வாசகரையும் பெற்றது. ஆங்கில வடிவின் பெயர் ‘மிராஜ்’, அதாவது கானல்நீர். இப்பெயர் மாற்றம் சிறிதெனத் தோன்றினும் பொருளளவிற் பெரிது. கானல்நீரில் நீர் இல்லை. அஃது கண்ணின் மயக்கம் மாத்திரமே. தூரத்துப் பச்சையோ உண்மையிற் பச்சையே. அருகிற் சென்றாலும் மலை பச்சையாகவே இருக்கும். ஆனால் அப்பச்சை சென்றவனுக்கு உரியதன்று. மலைநாட்டு மக்களை ஏமாற்றியது இல்லாத வளம் அன்று. பிறர்க்குரியதாய் இருந்த வளமே. தமிழ்த் தலைப்பு இவ்வுண்மையை உணர்த்துகின்றது. ஆங்கிலத் தலைப்பு அதனை இழந்துவிடுகின்றது.

சிறுகதைத் துறையில் மாத்தளையின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் கதைகளைக் கொண்ட ‘தோட்டக்காட்டினிலே’ 1980 இல் வெளிவந்தது. நகரத்தாரும் வடபுலத்தாரிற் பலரும் மலைநாட்டாரை இகழ்தற்கு வழங்கிய சொல் ‘தோட்டக்காட்டான்’ என்பது யாவரும் அறிவர். இகழ்ச்சிச் சொல்லின் வேரையே நூலின் நெற்றியிற் பொறித்தமை வசைக்கு அளித்த விடையாகும். மலரன்பனின் ‘கோடிச்சேலை’ என்னும் தொகுதிப் பெயரும் அவ்வாறே நுண்மையுடையது. கோடி மணமகளுக்கும் உரியது, பிணத்துக்கும் உரியது. மங்கலமும் அமங்கலமும் ஒரே துணியிற் பொதிந்த சொல் வேறு மொழிகளிற் காண்டல் அரிது. நன்னூலார் கூறும் சுருங்கச் சொல்லல் என்னும் அழகுக்கு இத்தலைப்புகள் தக்க சான்று.

இக்கதைகளை நோக்குங்கால் மொழிநடை பற்றிய வினா எழும். லயம், பெரட்டு, பீலி, அரைப்பேர் முதலிய சொற்கள் வழூஉச் சொற்களா? 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில் பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ எனச் சிலர் தள்ளினர். முற்போக்காளர் அதனை மறுத்தனர். உண்மையில், மரபைக் காக்கப் புறப்பட்டோர் மரபையே மறந்தனர். திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியரே ஏற்றுள்ளார். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் லயமாகவும் ‘பரேட்’ பெரட்டாகவும் திரிந்தமை மலைநாட்டார் அயற்சொல்லைத் தம் நாவுக்கு இசைவித்தமையையே காட்டும். பெரட்டுக் களம் என்ற சொல்லை நீக்கி ‘அணிவகுப்பு மைதானம்’ என்று எழுதுவாராயின், விடியற்காலையில் அங்கு நின்றவன் தன்னையே அடையாளம் காணமாட்டான். வழு சொல்லில் இல்லை; இடமறியாது வைத்தலில் உண்டு. வட்டாரச் சொற்களை வெறும் அணிகலனாக அடுக்கும் கதைகளும் மலைநாட்டில் உள. அவை மிகைபடக் கூறலின்பாற் படும்.

கவிதையிலும் மாத்தளை தன் எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. பண்ணாமத்துக் கவிராயர் என்ற புனைபெயர் பூண்ட எஸ்.எம். பாரூக், ‘காற்றின் மௌனம்’ (1996) என்னும் தொகுதியிற் பிறமொழிக் கவிதைகளைத் தமிழாக்கினார். மலைநாட்டு எழுத்து என்றாலே தேயிலைக் கூடையையே எதிர்பார்க்கும் வாசகர்க்கு அது நல்லதொரு மறுப்பு. ஓர் ஊரார் தம் துன்பத்தை மட்டுமே எழுதுதல் வேண்டும் என்று விதிப்பதும் ஒருவகைச் சிறையே.

இவற்றைத் தொகுத்து நோக்கின், புதுநூல்கள் பலவற்றிற் காணப்படும் பொதுக் குற்றங்கள் இரண்டு எனலாம். ஒன்று, கூறியது கூறல். குளிர், அட்டை, துரை, கங்காணி என்ற ஒரே வரிசை கதைதோறும் மீள்கின்றது. துன்பம் பழகிய காட்சியாகிவிட, வாசகன் உள்ளம் தைப்பதில்லை. மற்றது, சென்று தேய்ந்திறுதல். நடைபயணத்தில் தொடங்கும் கதைகள் ஆற்றலோடு தொடங்கி, இன்றைய மலைநாட்டை அணுகுந்தோறும் மெலிகின்றன. நகரக் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞன், ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்ற பெண், மத்திய கிழக்கிலிருந்து பணம் அனுப்பும் தாய், லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஆகியோர் பக்கங்களின் ஓரத்திலேயே நிற்கின்றனர். முன்னோர் நடந்த வழி எழுதப்பட்டுவிட்டது; பேரர் நடக்கும் வழி முழுதும் எழுதப்படவில்லை.

குற்றங் கூறுதல் பகைமையன்று. அதங்கோட்டாசான் வினாவியமையால் தொல்காப்பியத்தின் புகழ் குறையவில்லை. வினாவுக்கு நின்றமையாலேயே அது நின்றது. மலைநாட்டு நூலொன்று கல்லூரி நூலகத்தை வந்தடையும்போது, அதனை வாங்கி அடுக்கில் வைத்தலோடு ஆசிரியர் கடன் முடிந்துவிடாது. மாணவர் அதனைக் கற்று, பத்து அழகில் எவை உள, பத்துக் குற்றத்தில் எவை உள என்று வகுப்பறையில் எழுந்து நின்று கூறும் நாளிலேதான் அந்நூல் உண்மையில் அரங்கேறியதாகும்.