கேட்பவரின் துயரை யார் கேட்பது?

பிறர் துயரைச் செவிமடுப்பது அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. அதையே வாழ்நாள் பணியாக ஏற்றவரின் உள்ளம் என்னாகிறது என்று வினவும் நூல்களோ மிகச் சில. ஜான் பெர்ஜர் எழுதி, ழான் மோர் எடுத்த நிழற்படங்களோடு 1967-இல் வெளிவந்த 'எ ஃபார்ச்சுனேட் மேன்' அவற்றுள் ஒன்று. 'பேறுபெற்ற மனிதன்' என அதன் பெயரை நாம் தமிழாக்கலாம்.

இங்கிலாந்தின் மேற்கே, டீன் காட்டையொட்டிய ஊர்களில் பணியாற்றிய ஒரு பொது மருத்துவரின் சித்திரம் இது. ஜான் சாசல் என்று நூல் அவரை அழைக்கிறது. தொடக்கத்தில் அவருக்கு விபத்துகளும் அவசர அறுவைகளுமே உண்மையான மருத்துவமாகத் தோன்றின. பின்னர், நோயைவிட நோயாளி பெரியவர் என்று உணர்கிறார். மக்களின் சொல்லொணா வேதனைகளுக்குச் சொல் தேடித் தருகிறார். ஊராரின் நினைவுகளைக் காத்து வைக்கும் கணக்கராகவே பெர்ஜர் அவரைக் காண்கிறார்.

நூலின் வலிமை அதன் கூர்நோக்கு. மரத்தடியில் சிக்குண்ட தொழிலாளியிடம் மருத்துவர் விரைந்து செல்லும் தொடக்கப் பகுதியில், மருந்துக்கு முன்பாகவே அவரது வருகை ஆறுதலாவதை நாம் காண்கிறோம். தம்மை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்னும் நோயாளியின் ஏக்கத்தைப் பெர்ஜர் விளக்கும் பக்கங்கள், நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் எவரும் படித்துச் சிந்திக்கத் தக்கவை.

ஆயினும் ஒரு குறையை நாம் சுட்டாதிருக்க இயலாது. பெர்ஜர் மருத்துவரைத் தனித்து நிற்கும் வீரராகத் தீட்டுகிறார். அவருடைய துணைவியாருக்கு நூலில் ஏறத்தாழ இடமே இல்லை. மருத்துவரை அவ்வப்போது வாட்டிய ஆழ்ந்த மனச்சோர்வை நூல் மறைக்கவில்லை. ஆனால் அதனை அவரது பெருமையின் நிழலாகவே காட்டுகிறது. பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமையாகக் காட்டவில்லை. 1982-இல் அம்மருத்துவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனினும், ஊரார் அனைவருக்கும் செவிகொடுத்தவருக்குச் செவிகொடுத்தவர் யார் என்ற வினாவை இந்நூல் எழுப்பத் தவறியதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

அந்த வினாவுக்கு ஓரளவு விடை தரும் முயற்சி ஒன்று 2010-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் தொடங்கியது. அங்குப் பொது மருத்துவர்களின் சிகிச்சை நிலையங்களில், சாப்ளின் எனப்படும் ஆன்மப் பணியாளர்கள் அமர்ந்து மக்களுக்குச் செவிகொடுக்கின்றனர். இழப்பாலும் தனிமையாலும் வாழ்வின் பொருள் புரியாமல் தவிப்போரை மருத்துவர் அவர்களிடம் அனுப்புகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் மருத்துவச் சந்திப்பில் அடங்காத துயரங்களுக்கு அங்கே நேரம் கிடைக்கிறது. சமய நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் வரலாம். அறிவுரையோ மதப் பரப்புரையோ கிடையாது. கேட்பவரும் தனித்து விடப்படுவதில்லை. தம் அனுபவத்தைப் பிறரோடு அமர்ந்து சீர்தூக்கிப் பார்க்க அவருக்கும் இடமுண்டு.

கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாத பணி மேய்ப்புப் பணியாகுமா என்று சிலர் ஐயுறலாம். எம்மாவு வழியில் ஆண்டவர் முதலில் செய்தது என்ன? எல்லாம் அறிந்திருந்தும் வினா எழுப்பினார். சீடர்கள் தங்கள் ஏமாற்றம் முழுவதையும் சொல்லி முடிக்க விட்டார். அதன் பின்னரே மறைநூலை விளக்கினார். கேட்பது நற்செய்திப் பணிக்கு முன்னுரை மட்டுமன்று, அதன் ஒரு பகுதியே. ஆனால் மருத்துவர் பற்றாக்குறையை மலிவாகச் சரிக்கட்டும் வழியாக இப்பணி ஆகிவிடக் கூடாது என்பதிலும் விழிப்புத் தேவை. உடல்நோய்க்கு மருந்தும், வறுமைக்கு நீதியும் வேண்டும். செவிமடுத்தல் இவற்றுக்கு ஈடாகாது.

1921-இல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனையின் உறுப்பினர்கள் இருவர் இருவராகவே இல்லங்களைச் சந்திக்கின்றனர். வாரந்தோறும் கூடித் தம் பணியை அறிக்கையிடுகின்றனர். வெறும் ஒழுங்குமுறையாக நாம் கருதும் இதில் ஆழ்ந்த ஞானம் உண்டு. ஆண்டவரும் தம் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார்.

பெர்ஜர் 'பேறுபெற்ற மனிதன்' என ஒருமையில் எழுதினார். மலைப்பொழிவோ 'பேறுபெற்றோர்' எனப் பன்மையில் பேசுகிறது. ஒரு மனிதர் தனியே சுமந்து அடையும் பேறு அன்று அது. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் குழுமத்துக்கு வாக்களிக்கப்பட்ட பேறு. நம் பங்குகளில் நோயாளரைச் சந்தித்து வரும் அன்பர்களிடம், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர் யார்? இந்நூலைப் படித்து முடித்த பின் நம்மை விட்டு அகலாத வினா இதுவே.