25,000 மணி நேரமும் ஒரு வருஷ வாரன்டியும்

எல்.இ.டி பல்பு பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 'ஆயுள் 25,000 மணி நேரம்' என்று போட்டிருக்கும். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் பதினோரு வருஷம் வரவேண்டும். அதே பெட்டியின் இன்னொரு மூலையில் வாரன்டி ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் மூன்று ரக 9 வாட் பல்புகளை வாங்கி, எரித்து, கடைசியில் பிரித்தும் பார்த்தேன். ஒன்று பெயர் பெற்ற கம்பெனியுடையது, நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அடுத்தது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் 'மூணு நூறு' என்று கூவி விற்றது. மூன்றாவது, கரன்ட் போனாலும் எரியும் இன்வர்ட்டர் பல்பு.

சேமிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட்டில் இவை எல்லாமே தருகின்றன. தினம் ஐந்து மணி நேரம் எரியும் ஒரு பல்பை மாற்றினாலே, இரண்டு மாத பில்லில் 15 யூனிட் குறையும். விலையும் இறங்கிவிட்டது: 2014 தொடக்கத்தில் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல் நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016-இல் அதுவே 38 ரூபாய். கேள்வி, அந்த விலையில் உள்ளே என்ன வைக்கிறார்கள் என்பதுதான்.

கையில் எடுத்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. கம்பெனி பல்பு கனக்கிறது. பிளாஸ்டிக் உடம்புக்குள் சூட்டை இழுத்து வெளியேற்ற அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. தள்ளுவண்டி பல்பு காலி டப்பா மாதிரி லேசு. இரண்டையும் ஒரு மணி நேரம் எரியவிட்டு அணைத்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கனமானதைப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. லேசானதில் கை வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளை மூடியைக் கழற்றினால் மீதி விடை. கம்பெனி பல்பின் கழுத்துக்குள், வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி-க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் போர்டு தனியாக இருக்கிறது: கெப்பாசிட்டர், காயில், ஃபியூஸ் வேலை பார்க்கும் ஒரு ரெசிஸ்டர். தள்ளுவண்டி பல்பில் கழுத்து வெறும் கூடு, இரண்டு ஒயர் மட்டும் ஓடுகிறது. எல்.இ.டி சில்லுகள் ஒட்டிய தட்டிலேயே கடுகளவு ஒரு ஐ.சி.யை வைத்துக் கதையை முடித்துவிட்டார்கள். இதைக் கடைக்காரர்கள் 'டி.ஓ.பி' (டிரைவர் ஆன் போர்டு) என்பார்கள். டி.ஓ.பி என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கெப்பாசிட்டரைக்கூட மிச்சம் பிடித்திருந்தால் வெளிச்சம் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். செல்போனில் ஸ்லோ மோஷன் போட்டுப் பார்த்தேன், துடிப்பது பளிச்சென்று தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு இது வேண்டாம். லேத் பட்டறையில் மாட்டவே கூடாது; இந்தத் துடிப்பில், சுழலும் சக்கரம் நிற்பது போலத் தெரிய வாய்ப்புண்டு.

ஆக, 25,000 மணி நேரம் என்பது பெரும்பாலும் சில்லின் ஆயுள். கூடவே இருக்கும் டிரைவர் அவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியில், மே மாதத்தில், தலைகீழாகத் தொங்கும் பல்பின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். சூடு மேலே ஏறி நேராக டிரைவரில்தான் போய் உட்காருகிறது. கேட் தூணில் உள்ள மூடிய கண்ணாடி உருண்டைக்குள் மாட்டினால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியே இல்லை. 'முழுவதும் மூடிய கூண்டில் பயன்படுத்த வேண்டாம்' என்று பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும், யார் படிக்கிறார்கள்?

செத்துப்போன பல்பைத் திறந்தால் ஏதாவது ஒரு சில்லின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். எல்லாம் வரிசையாகக் கோத்தவை; ஒன்று போனால் அத்தனையும் இருட்டு. அந்த ஒன்றை மட்டும் ஈயம் வைத்து ஷார்ட் செய்தால் மறுபடி எரியும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சில்லு எடுத்துக்கொண்ட சுமையை மற்றவை தாங்க வேண்டும்; சீக்கிரமே அடுத்ததும் போகும். அதைவிட முக்கியம், டி.ஓ.பி பல்பில் மூடி இல்லாத தட்டு முழுக்க நேரடி மின்சாரம். 230 வோல்ட்டைத் திருத்தினால் உச்சத்தில் 325 வோல்ட் டி.சி. மூடி கழன்ற பல்பை 'எரியுதே, இருக்கட்டும்' என்று பாத்ரூமில் விட்டுவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஸ்டூல் போட்டு ஒட்டடை அடிக்கும்போது ஈரக்கை பட்டால் ஷாக் நிச்சயம்.

மட்டமான பல்பை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. எல்.இ.டி பல்புக்கு ஐ.எஸ் 16102 தரப்பதிவு கட்டாயம். ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் தயாரிப்பாளரும் பொருளும் வரும். தள்ளுவண்டி பல்பின் எண்ணை அடித்தேன், ஒரு பவர் பேங்க் வந்தது.

எல்லாப் பழியையும் பல்பு மேல் போடவும் மனசு வரவில்லை. குண்டு பல்பு காலத்துச் சூட்டில் பழுத்துப் பொடிந்த ஹோல்டரில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பல்பு ஆடும், 'கிர்' என்று சத்தம் வரும், உள்ளே பொறி பறந்து பல்பின் முனை கறுக்கும். ஒரே இடத்தில் அடிக்கடி பல்பு போகிறதென்றால், முதலில் மாற்ற வேண்டியது ஹோல்டரை.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக மினுக்குகிறதா? சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் மின்சாரமாக இருக்கலாம், பயமில்லை. இண்டிகேட்டர் இல்லாமலும் மினுக்கினால், ஒயரிங் செய்தவர் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிட்சைப் போட்டிருக்கக்கூடும். அப்படியானால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். பல்பை மாற்றுமுன் மெயினை இறக்குங்கள், பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய குண்டு பல்பில் இந்தத் தப்பு வெளியே தெரிந்ததே இல்லை, எல்.இ.டி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்வர்ட்டர் பல்பு கடையில் வித்தை காட்டும் சரக்கு. அடியிலுள்ள இரண்டு முனைகளையும் விரலால் தொட்டால் எரியும். கரன்ட் போனதும், தன் இரு முனைகளுக்கும் வெளியே ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று பல்பு பார்க்கிறது. சுவிட்ச் போட்டிருந்தால் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக அந்தத் தொடர்பு கிடைக்கும், எரியும். அணைத்தால் அறுந்துவிடும். மெயினை இறக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன், இது எரியவில்லை. பழுதில்லை, அதன் சுபாவம் அப்படி. குறை வேறு இடத்தில்: லித்தியம் பேட்டரியும் சூடான டிரைவரும் ஒரே கழுத்துக்குள் குடியிருக்கின்றன. கூண்டுக்குள் போடாதீர்கள், உடம்பு உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

பாத்ரூமில் இன்னும் சி.எஃப்.எல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் வேண்டாம், தூள் பரவும். கெட்டி அட்டையால் வழித்து, மிச்சத்தை டேப்பில் ஒட்டியெடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

என் வீட்டில் இப்போது ஹாலிலும் படிக்கும் மேசையிலும் கம்பெனி பல்பு, பில்லைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். மாடிப்படியில் கூண்டு இல்லாத ஹோல்டரில் இன்வர்ட்டர் பல்பு ஒன்று போதும். தள்ளுவண்டியில் வாங்கியதில் பிரிக்காத இரண்டு பாக்கி இருக்கின்றன. கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை.