குளறுபடியைப் பார்க்கத் தெரிய வேண்டும்

போன மாதம் தானா ராத்தாவில் ஒரு தேநீர்க் கடை. நிகழ்ச்சி நடத்தப் போய் எல்லாம் சொதப்பும் நகைச்சுவைகளைப் பற்றி நான் பேச, எதிரே இருந்த தம்பி கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமலே, "அதுல என்னண்ணே இருக்கு, ஒரே கத்தல்" என்றான். மனசு ஆறவே இல்லை. அவனுக்காகத்தான் எழுதுகிறேன்.

அடிப்படை கொஞ்சம்தான். ஒரு நிகழ்ச்சி நடந்தாக வேண்டும், நேரம் ஓடுகிறது, கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. சிறுவர்கள் வீட்டில் இருந்தால் ‘தி மப்பட் ஷோ’வில் தொடங்குங்கள். 1976 முதல் 1981 வரை 120 பகுதிகள். கெர்மிட் என்ற தவளைப் பொம்மை ஒரு பழைய அரங்கை நடத்தப் படும் பாடுதான் கதை. அவ்வளவு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

கலாட்டா வேறு, குளறுபடி வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கலாட்டாவில் எல்லோருக்கும் தாங்கள் சிரிப்பு மூட்டுகிறோம் என்று தெரியும். விழுவார்கள், அடிப்பார்கள், கத்துவார்கள். குளறுபடியில் ஒருவருக்கும் சிரிக்க நேரமில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்கிறார், அதனாலேயே மொத்தமும் சரிகிறது. கெர்மிட் எதற்காகப் பதறுகிறது? வெளியே சனம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பயம் நிஜம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நடிகர் வசனம் மறந்து சிரிப்பதைக் காட்டுகிறார்களே, அதில் ஒன்றுமே இல்லை. அங்கே தவறினால் யாருக்கும் நட்டமில்லை, இன்னொரு தடவை எடுப்பார்கள். பதினைந்து விநாடித் துண்டுப் படங்களும் அதே சரக்கு. "வயிறு குலுங்கச் சிரிக்கலாம்" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போகும் விமர்சகர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படுவதில்லை.

நம் மொழியில் சான்று வேண்டுமா? 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பாவாக நாகேஷ், தோட்ட முதலாளியான அப்பா பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி. கேமரா கிடையாது, செட் கிடையாது. படமே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் ரகளை. எல்லோரும் நாகேஷையே பார்க்கிறார்கள். ஒரு தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். கேலிக்குக்கூட அவர் நடிப்பதில்லை, நிஜமாகவே பயப்படுகிறார். மகனும் தன் கதையை முழுசாக நம்புகிறான். இரண்டு நம்பிக்கையும் மோதுகிற இடத்தில்தான் சிரிப்பு.

இன்னொன்று, மைக்கேல் ஃபிரெய்ன் எழுதி 1982இல் மேடையேறிய ‘நாய்சஸ் ஆஃப்’. தன்னுடைய வேறொரு நாடகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது, முன்னால் இருந்து பார்ப்பதைவிட அது வேடிக்கையாக இருந்ததாம். அதில் முளைத்தது இது. முதல் அங்கம் ஒத்திகை. இரண்டாவதில் மேடையையே திருப்பி வைத்து, அதே காட்சியைப் பின்பக்கத்திலிருந்து காட்டுகிறார். நாடகம் நடக்கிறதே, அதனால் அங்கே சத்தமில்லாமல்தான் சண்டை போட்டாக வேண்டும். எது எப்படி நடக்க வேண்டும் என்று ஒத்திகையில் நமக்குத் தெரிந்துவிட்டதால்தான் பின்னால் ஒவ்வொரு சறுக்கலும் சுருக்கென்று படுகிறது. முதல் அரை மணி இழுக்கிறது என்று எழுந்து போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இது புத்தகத்தில் வந்த ரசனை இல்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துத் திருவிழா, பெரட்டுக் களத்தில் மேடை. தேயிலை மலையின் இரவுக் குளிருக்கு ராஜா சரிகை அங்கிக்குள்ளே கம்பளிச் சட்டை போட்டிருந்தார். நான் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராணி புலம்பத் தொடங்கியாகிவிட்டது. அடுத்து ராஜா வாளோடு வர வேண்டும். "அண்ணே, வாள் எங்க?" "லோரியில." லோரி ரிங்லெட்டுக்குப் போயிருந்தது. ஒரு பையன் இருட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ராணி வேடம் கட்டியவர் எங்கள் முகங்களை ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. புலம்பலை நீட்டினார். தாய் வீட்டை இழுத்தார், பிறக்காத பிள்ளையை இழுத்தார், கடல் கடந்து வந்த கதையைக்கூட இழுத்தார். திரைக்குப் பின்னால் ராஜா நடுங்கிக்கொண்டே பாதையைப் பார்த்து நிற்கிறார். கடைசியில் வளைவில் லோரி வெளிச்சம் தெரிந்தது. வாள் கைக்கு வந்த பிறகும் புலம்பல் இரண்டு அடி கூடுதலாகப் போனது. முன்வரிசையில் ஒரு பாட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.