வாக்களிக்கப்பட்ட நாடும் மாக்கோ உலைகளும்

இல்லாத உலகொன்றைப் படைத்துக் காட்டி, அதன் வழியாகத் தாம் வாழும் காலத்தின் நோயை ஆராய்வது இலக்கியத்திற்குப் புதிதன்று. ஏறத்தாழக் கடந்த முப்பது ஆண்டுகளாக வீடியோ விளையாட்டும் இப்பணியில் பங்குகொண்டு வருகிறது. சிறுவரின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் இத்துறையின் சிறந்த படைப்புகளிலே, நாவலாசிரியர் மேற்கொள்ளும் அளவுக்கு உழைப்புடன் ஊர்களும், தொழில்களும், நம்பிக்கைகளும், அரசியலும் அமைக்கப்பட்டிருப்பதை நாம் மறுக்கலாகாது. அத்தகையதொரு படைப்பையே இங்கு ஆராய எடுத்துக்கொள்கிறோம். 1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளியிட்ட 'ஃபைனல் பேண்டசி 7' என்பது அது. தயாரிப்பாளர் சகாகுச்சி ஹிரோனோபு. இயக்குநர் கிட்டாசே யோஷினோரி. கதை வசனத்தைக் கிட்டாசேயுடன் நொஜிமா கசுஷிகே எழுதினார். இதன் மறுவாக்கத்தின் முதல் இரு பகுதிகள் 2020இலும் 2024இலும் வெளிவந்தமையால், புதிய தலைமுறையினரும் இதனை அறிவர்.

நமது ஆய்வுக்குரிய கேள்வி இது: தீங்கு விளைவிக்கும் ஒரு பொருளை ஆதாரமாகக் கொண்டு ஒரு நாகரிகம் முழுவதும் எழும்பி நிற்குமாயின், அதன் குற்றம் யாரைச் சாரும்? தான் அமைத்த உலகத்தின் வாயிலாக இப்படைப்பு இக்கேள்விக்கு ஆழ்ந்த விடையொன்றைத் தருகிறது. தன் கதையை நடத்திச் செல்லும் போக்கிலோ அவ்விடையைத் தானே கைவிட்டுவிடுகிறது. இதுவே நமது கருத்து.

மாக்கோவின் தன்மை

கதை நிகழும் உலகில் வாழ்வோர் மாக்கோ எனும் ஆற்றலைக் கொண்டு விளக்கேற்றுகின்றனர், இயந்திரங்களை இயக்குகின்றனர். இது நிலத்தடியில் கிடக்கும் உயிரற்ற பொருளன்று. இறந்த உயிர்கள் யாவும் கோளத்தினுள் திரும்பி ஒன்றுகலந்து, மீண்டும் புதிய உயிர்களாக வெளிப்படும் உயிரோட்டம் ஒன்று உண்டு. அதனை உறிஞ்சி எடுத்து எரிப்பதே மாக்கோ உலையின் வேலை. இதனைக் கதைமாந்தருக்கு விளக்கிச் சொல்லும் முதியவருக்குப் பூகன்ஹாகன் என்று பெயர். லூத்தரின் நண்பராயிருந்த விட்டன்பர்க் போதகரின் பெயரும் இதுவே என்பதை நம் வாசகர் அறிவர். ஆற்றலைச் செலவிடுகிறோம் என்று மக்கள் எண்ணிக்கொண்டிருக்கையில், உண்மையில் முன்னோரையும் வருங்காலப் பிள்ளைகளையும் சேர்த்தே எரித்துக்கொண்டிருக்கின்றனர். எரிபொருளின் விலை என்னவென்பதை இதனினும் தெளிவாக ஓர் உருவகம் உணர்த்துதல் அரிது.

இப்பொருள் அணுகியோரையும் கெடுக்கிறது. அளவு மிஞ்சி அதில் தோய்ந்தவன் அறிவு கலங்கிப் பேச்சிழந்து போகிறான். நிபெல்ஹைம் மலையிலுள்ள உலையின் கொள்கலங்களுக்குள் மனிதர் உருத்திரிந்து கிடக்கின்றனர். கொங்காகா எனும் சிற்றூரில் உலை வெடித்துப் பலர் மாண்டனர். தலைநகராகிய மிட்காரைச் சூழ்ந்து 8 உலைகள் நிற்கின்றன; சுற்றிலுமுள்ள நிலம் புல்லும் முளையாத பாழாகிவிட்டது. நகரின் மேல்தட்டு பெரும் தூண்களின்மேல் தாங்கப்பட்டிருக்க, அதன் அடியில் சூரிய ஒளி காணாத சேரிகளில் ஏழைகள் வாழ்கின்றனர். இடிந்த தேவாலயம் ஒன்றின் கூரையிலுள்ள துளை வழியே ஒளி விழும் இடத்தில் மட்டும் மலர்கள் பூக்கின்றன. ஏரித் எனும் இளம்பெண் அவற்றைப் பேணி விற்று வருகிறாள்.

கோரல் ஊரின் இசைவு

இவ்வுலகை ஆள்வது ஷின்ரா மின்சக்தி நிறுவனம். ஆயுத உற்பத்தியில் தொடங்கி, மாக்கோவினால் செழித்து, அரசாங்கத்தின் இடத்தையே பிடித்துக்கொண்ட நிறுவனம் அது. ஷின்ராவைக் கொடியதெனக் காட்டுவதோடு படைப்பு நின்றிருக்குமாயின் நாம் இதனைப்பற்றி எழுத வேண்டியதில்லை. பேராசை கொண்ட முதலாளியைப் பழித்துரைக்கும் கதைகள் ஏராளம். இதன் சிறப்பு கோரல் ஊரின் வரலாற்றில் விளங்குகிறது.

உலைகளைத் தகர்க்கப் புறப்பட்ட அவலாஞ்ச் எனும் குழுவின் தலைவன் பாரெட். அவன் பிறந்த கோரல், தலைமுறைகளாக நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஊர். அங்கு உலை கட்ட ஷின்ரா வந்தபோது, பிழைப்புக்கு உறுதி தருவதாக வாக்களித்தது. எதிர்த்தவன் பாரெட்டின் நண்பன் டைன் ஒருவனே. நிலக்கரியின் காலம் கடந்துவிட்டது என்று வாதாடி ஊராரை இசையச் செய்தவன் பாரெட். பின்னர் உலையில் வெடிப்பு நேர்ந்தது. ஷின்ரா பழியை ஊரார்மேல் சுமத்தி, ஊரைத் தீக்கிரையாக்கிற்று. பாரெட்டின் மனைவி மாண்டாள். மலைச்சரிவில் தொங்கிய டைனின் கையைப் பாரெட் பற்றியிருந்த வேளையில் படையினர் சுட்டமையால் இருவரும் ஒவ்வொரு கையை இழந்தனர். ஊர் மணலில் மறைந்தது. இன்று அப்பாலைவனத்தின்மேல் பொன்போல் ஒளிரும் கேளிக்கை நகரம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. எஞ்சியோர் அருகிலே கந்தல் கூடாரங்களில் வாழ்கின்றனர். அவர்கள் பாரெட்டைக் கண்டதும் அடிக்கின்றனர். அவன் எதிர்த்துக் கை ஓங்குவதில்லை.

பாரெட்டின் கோபம் அனைத்தும் ஷின்ராவின்மேல் கொட்டப்படுவதற்குக் காரணம், அதில் பாதி தன்மேலேயே கொண்ட கோபமாகும் என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. தீங்கு, வெளியிலிருந்து வந்து கதவை உடைத்தது மட்டுமன்று, அழைக்கப்பட்டும் வந்தது. அழைத்தவர்கள் தீயவர்களும் அல்லர். தொழில் நலிந்துவரும் ஊரில், பிள்ளைகளுக்கு நல்வாழ்வு வேண்டும் என்று விரும்பியவர்கள் அவர்கள்.

இதனை ஜப்பானின் அண்மை வரலாற்றோடு ஒப்பிடாதிருக்க இயலாது. கியூஷூ தீவிலுள்ள மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் 1960இல் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தம், நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு நாடு மாறிக்கொண்டிருந்த காலத்தின் போராட்டம். 1966இல் தோக்காய் கிராமத்தில் வர்த்தக அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1995 டிசம்பரில் மோஞ்சு அணு உலையில் சோடியம் கசிந்து தீப்பற்றியது. இப்படைப்பு வெளியாகி இரண்டு மாதங்களுக்குள், 1997 மார்ச் 30 அன்று, மீகே சுரங்கம் மூடப்பட்டது. ஆசிரியர்கள் இவற்றை மனத்திற்கொண்டே எழுதினர் என்று நாம் கூறவில்லை. ஆனால் சுரங்கம் சாவதையும் உலை எழுவதையும் ஒரே தலைமுறையில் கண்ட சமுதாயத்திலிருந்து கோரலின் கதை பிறந்தது என்பது கருதத்தக்கது.

தூய கைகள் எவருக்குண்டு?

அடுத்து மட்டீரியாவைக் குறித்துச் சொல்லவேண்டும். மாக்கோ உறைந்து மணியாகத் திரண்டதே மட்டீரியா. கதாநாயகர் இதனைத் தம் ஆயுதங்களில் பதித்தே தீயையும் மின்னலையும் ஏவுகின்றனர், காயங்களை ஆற்றுகின்றனர். விளையாடுவோரும் அதைத் தேடிச் சேர்த்து வளர்ப்பதில் பல மணி நேரம் செலவிடுகின்றனர். அதாவது, மாக்கோவை எதிர்த்துப் போரிடுவதும் மாக்கோவினாலேயே நடக்கிறது. எதிர்ப்போரையும் தன்னுள் அடக்கிக்கொண்டதே அந்த அமைப்பின் வலிமை. கதையின் உரையாடல் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை; ஆயினும் விளையாட்டின் விதிகளே இதனை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நாவலுக்கும் நாடகத்திற்கும் வாய்க்காத உத்தி இது: வாசிப்பவன் குற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அதில் பழகுகிறான்.

மூலப் படைப்பின் தொடக்கத்தில் பாரெட்டின் குழு முதலாம் உலையைத் தகர்க்கிறது. நெடுநேரம் கழித்து, அதில் மாண்டவர் எத்தனை பேர் என்று அவனைக் கேட்பவன் ரீவ். அவன் ஷின்ராவில் நகர வளர்ச்சித் துறையின் தலைவன். பொம்மை ஒன்றை இயக்கி, முதலில் ஒற்றனாகவும் பின்னர் துணைவனாகவும் குழுவோடு பயணம் செய்பவன். கோளத்தைக் காக்கும் போரில் சிலர் மாள்வது தவிர்க்க முடியாதது என்று பாரெட் விடையிறுக்கிறான். உங்களுக்குச் சிலராகத் தோன்றுவோர், மாண்டவர்களுக்கோ யாவுமாய் இருந்தனர் என்ற பொருளில் ரீவ் மறுமொழி தருகிறான். பாரெட்டிடம் அதற்கு விடையில்லை. உலைகளின் ஒளியில் நகரத்தைப் பராமரிப்பவனும், அந்நகரத்தை நேசிப்பவனும், தன் நிறுவனத்தின் கொடுமையை அறிந்தவனுமாகிய இந்த அலுவலனே நம்மில் பெரும்பாலோருக்கு மிக அருகில் நிற்பவன் என எண்ணுகிறோம்.

ஆகையால் 2020ஆம் ஆண்டு மறுவாக்கத்தில் செய்யப்பட்ட மாற்றத்தை நாம் ஏற்பதற்கில்லை. அங்கே குழுவினரின் குண்டு சிறிதளவே சேதம் விளைவிக்க, ஷின்ராவே உலையைப் பெரிதாக வெடிக்கச் செய்து பழியை அவர்கள்மேல் போடுகிறது. ஷின்ராவின் வஞ்சகம் இதனால் கூடுகிறது. ஆனால் நாயகரின் கை கழுவப்பட்டுவிடுகிறது. ரீவ் கேட்ட கேள்வியின் கூர்மையும் அதனோடு மழுங்கிப்போகிறது.

வாக்களிக்கப்பட்ட நாடு

இறையியல் மாணவரின் கவனத்தை மிகவும் ஈர்ப்பது, இப்படைப்பில் வரும் வாக்களிக்கப்பட்ட நாடு எனும் கருத்து. கோளத்தோடு பேசவல்ல ஆதிகுடியினர் நெடும்பயணத்தின் இறுதியில் சென்றடையும் இடமாக அதனைக் கருதினர். ஷின்ராவின் தலைவனோ அதற்கு ஒரே பொருள் காண்கிறான்: மாக்கோ வற்றாமல் ஊறும் நிலம். அங்கே புதிய மிட்கார் ஒன்றைக் கட்டுவது அவன் திட்டம். ஆதிகுடியின் கடைசி மகளாகிய ஏரித்தை அவன் சிறைப்பிடிப்பதும் அங்கு வழிகாட்டச் செய்வதற்காகவே. அவளோ அது எங்குள்ளது என்று அறியாள்.

திருமறையின் வாக்குத்தத்த நாட்டிலும் கனிமம் இல்லாமற் போகவில்லை. உபாகமம் 8ஆம் அதிகாரம் அந்நாட்டின் இரும்பையும் செம்பையும் நன்மைகளாகவே எண்ணிச் சொல்லுகிறது. உடனே அச்செல்வம் தன் கையின் வலிமையால் வந்தது என்று எண்ணாதபடி எச்சரிக்கவும் செய்கிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வளிக்கக் கட்டளையிடுகிறது. எடுத்துப் பயன்படுத்துதல் அங்கே பாவமன்று. ஓய்வின்றி எடுத்தலும், கொடுத்தவரை மறந்து எடுத்தலுமே பாவம். ஷின்ராவின் பிழையை இவ்வெளிச்சத்தில் துல்லியமாகக் கூறலாம்: கொடையைக் கையிருப்பாக எண்ணிற்று. ஆனால் கொடையைக் கொடையாகப் பெற்று ஒரு நகரம் வாழ்வது எப்படி என்பதை இப்படைப்பு எங்கும் காட்டவில்லை.

குறைகள்

முதலாவது குறை இதிலிருந்தே தொடங்குகிறது. கதை பாதிக்கு மேல் செல்கையில் மாக்கோவின் பிரச்சினை பின்தள்ளப்பட்டு, செஃபிராத் எனும் தனி மனிதனின் வெறியும், அவன் ஏவிய விண்கல்லும் முன்னிற்கின்றன. அனைவரும் பங்குகொண்ட பாவம் ஒருவனின் தலைமேல் ஏற்றப்படுகிறது. அவன் வீழ்ந்தபின் உயிரோட்டமே பொங்கியெழுந்து விண்கல்லைத் தடுக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு வாழக் கற்றுக்கொள்ள வேண்டிய கடமையிலிருந்து மனிதர் இவ்வாறு தப்பிக்கின்றனர்.

இரண்டாவதாக, 500 ஆண்டுகளுக்குப் பின் என்று காட்டப்படும் இறுதிக் காட்சியில், பச்சைக் கொடிகள் மூடிய மிட்காரை விலங்குருவான ரெட் 13 தன் குட்டிகளோடு நின்று நோக்குகிறான். அழகிய காட்சிதான், எனினும் அதில் மனிதர் எவரும் இல்லை. அழிவுக்கும் தொடர்தலுக்கும் இடையே மனந்திரும்பிய வாழ்வு என்று மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதனைப் படைப்பு எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, நிலக்கரி குற்றமற்ற பழம்பொருளாகவே நினைவுகூரப்படுகிறது. மீகே சுரங்கத்தில் 1963 நவம்பர் 9 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 458 பேர் மாண்டனர் என்பதை அறிந்தோர் கோரலின் பழைய நாட்களை அத்துணை ஏக்கத்தோடு நோக்கமாட்டார்கள். இக்குறையின் விளைவை 2005இல் வெளிவந்த 'அட்வென்ட் சில்ட்ரன்' எனும் தொடர்ச்சித் திரைப்படத்தில் காண்கிறோம். அதில் பாரெட், மாக்கோவுக்கு மாற்றாக எண்ணெய் வயல் ஒன்றைக் கண்டுபிடித்ததாக மகிழ்ந்து செய்தி அனுப்புகிறான். கோரலில் உலைக்காக வாதாடிய அதே குரல்தான் இது. புதிய எரிபொருள் பழையதன் பாவத்தை நீக்கிவிடும் என்ற நம்பிக்கையை அவன் இழக்கவே இல்லை. படைப்பாளர்கள் இதனை முரணாக உணர்ந்து எழுதினரோ, உணராமல் எழுதினரோ, நமக்கு இது பாடமாகிறது.

முடிவுரை

இவ்வளவு குறைகள் கூறிய பின்னரும், இப்படைப்பைப் போதகரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம் என்றே கருதுகிறோம். நம் சபைகளின் வாலிபருள் பலர் மிட்காரின் தெருக்களில் நடந்தவர்கள். படைப்பைப் பேணுதல் குறித்துப் பேசும்போது, ஷின்ராக்களைச் சுட்டிக்காட்டுவது எளிது. கேட்போரும் மகிழ்ந்து தலையசைப்பர். பாரெட் ஊராரின் முன் நின்று உலைக்காக வாதாடியதை எடுத்துச்சொல்வது கடினம். ஏனெனில் அங்கே கேட்போர் தங்களையே காண்பர். ரீவ் எழுப்பிய கேள்வி அதனினும் கடினம். ஏனெனில் அது தீமையை எதிர்ப்போரையும் விட்டுவிடுவதில்லை. இவ்விரண்டையும் சொல்லாத பிரசங்கம், கதை செய்த பிழையையே தானும் செய்யும். எல்லாருடைய குற்றத்தையும் ஒருவன்மேல் ஏற்றி, அவன் வீழ்ந்தான் என்று முடித்துவிடும். மக்களோ வீடு திரும்பி, அதே விளக்கை ஏற்றுவார்கள்.