கேள்வி கேட்ட சீமை: சேலம், நாமக்கல் வட்டாரத்தின் அரசமைப்பு மரபு

அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிய மலர்க் கட்டுரைகள் வழக்கமாக தில்லியில் தொடங்கும். 1946 டிசம்பர் 9-ல் கூடிய அரசியல் நிர்ணய சபை, அம்பேத்கரின் உழைப்பு, 1949 நவம்பர் 26 என்று அந்த வரலாறு நகரும். அந்த வரலாற்றில் சேர்வராயன் மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நம் சமவெளிக்கும் ஒரு பங்கு உண்டு. நம்மவர்களே அதைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆட்சி செய்பவரை எழுதிவைத்த விதிக்குள் நிறுத்துவதுதான் அரசமைப்பு நெறி. அதற்கு விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை எடுத்துக் காட்டி ஆட்சியிடம் கணக்குக் கேட்க ஆளும் வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் இங்கே ஒரே கட்சியாக இருந்ததில்லை. ஒருவரோடொருவர் கடுமையாக முரண்பட்ட மூன்று பள்ளிகளாக இருந்தார்கள்.

முதல் பள்ளியின் மூத்தவர் சி. விஜயராகவாச்சாரியார். 1882-ல் சேலத்தில் நடந்த இந்து முஸ்லிம் கலவரத்தைத் தூண்டியதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வேறொருவராக இருந்தால் தலை தப்பியதே போதும் என்று வீடு திரும்பியிருப்பார். அவர் அங்கே நிற்கவில்லை. சேலம் நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கியது செல்லாது என்று, இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீதே வழக்குத் தொடுத்தார். ஒருவரது தரப்பைக் கேட்காமல் அவரைப் பதவி நீக்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 1884-ல் தீர்ப்பளித்து, இழப்பீடும் வழங்கியது. அப்போது நமக்கு அடிப்படை உரிமைகள் இல்லை, வாக்குரிமையும் பெயரளவில்தான். ஆளுநரின் ஆணையை அவருடைய சட்டத்தைக் கொண்டே ஒரு நகராட்சி உறுப்பினரால் முறிக்க முடிந்தது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காங்கிரஸின் அமைப்பு விதிகள் புதிதாக எழுதப்பட்டு, மொழிவாரி மாகாணக் குழுக்கள் ஏற்கப்பட்ட 1920 நாகபுரி மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தது அந்த வாழ்க்கையின் தொடர்ச்சிதான்.

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி இதே பள்ளியைச் சேர்ந்தவர். 1937 அக்டோபர் 1-ல் அவருடைய அமைச்சரவை மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். பின்னாளில் அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் வழிகாட்டு நெறியாக இடம்பெற்ற ஒன்றை இந்த ஊர் முன்பே வாழ்ந்து பார்த்திருக்கிறது. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பிறகு, பெரும்பான்மை பலத்தால் அரசமைப்புச் சட்டத்தை அடிக்கடி திருத்துவதை முதுமையிலும் சளைக்காமல் எதிர்த்தார். ஆனால் அவருடைய கணக்கில் ஒரு பற்றும் உண்டு. 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்ப, ஆங்கிலேயர் காங்கிரஸ்காரர்கள்மீது ஏவிய குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தையே அவர் அரசு எடுத்தது. தனக்கு வேண்டாதவருக்கும் அதே உரிமையைத் தருகிறாரா என்பதே இந்த மரபில் எவரையும் அளக்க வேண்டிய அளவுகோல். அந்த ஆண்டு ராஜாஜி அதில் தேறவில்லை.

இரண்டாவது பள்ளி திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துக்காரர்களுடையது. ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். அவருடைய அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார், அரசுப் பணிகளைச் சமூகங்களுக்கிடையே பங்கிடும் வகுப்புவாரி அரசாணையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். அதன் வழிவந்த கல்லூரி இட ஒதுக்கீட்டு ஆணையை 1950-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிய அரசமைப்பின் முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவைச் சேர்த்தது. இன்று நாமக்கல் பள்ளியொன்றில் படித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பெண்ணின் இடம் அந்த உட்பிரிவில் நிற்கிறது. சுப்பராயன் அரசியல் நிர்ணய சபையிலும் இருந்தார். 1956-ல் ஆட்சிமொழி ஆணையத்தின் அறிக்கையில், வங்க அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியைப் போலவே இவரும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் மாறுபட்ட குறிப்பு எழுதினார். காரணங்களை எழுதிவைத்துவிட்டு மறுப்பது இந்த மரபின் மிக நல்ல பழக்கம்.

அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் வேறு வழியில் போனார். கம்யூனிஸ்டாக ஆங்கிலேயர் காலத்துச் சென்னை சதி வழக்கில் சிறைப்பட்டவர், பின்னர் மாநிலத் தலைமை வழக்கறிஞர், இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சர். ஏழைகளுக்காக நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு நீதிமன்றம் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் வாதம். நிலச்சீர்திருத்தமும் வங்கி நாட்டுடைமையும் வழக்குமன்றத்தில் சிக்கிய அந்தக் காலத்தில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாள், 1973 ஏப்ரல் 25-ல், மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கையில் அவருடைய சமூகப் பார்வையையும் அரசு பார்க்கலாம் என்று மோகன் அதை நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்தினார். அடுத்த மாத இறுதியில் விமான விபத்தில் மறைந்தார். நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று 1976 ஏப்ரலில் நான்குக்கு ஒன்றாகத் தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அதே ரே. சிறையின் கொடுமையை அறிந்தவர் வகுத்த வாதம் இங்கே வந்து முடிந்ததை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அவருடைய நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நீதிபதியை ஆட்சிக்கு ஏற்றவராகத் தேர்ந்தால், ஆட்சி மாறிய பிறகு ஏழைக்கும் அந்த நீதிபதியால் பயன் இராது.

மூன்றாவது பள்ளி சட்டப் புத்தகத்துக்கு வெளியே நின்று கேட்டது. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக் கட்சி திராவிடர் கழகமாயிற்று. பட்டங்களையும் பதவிகளையும் விட்டு வரச் சொன்ன மாநாடு அது. 1957 நவம்பர் 26-ல் பெரியாரின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் அரசமைப்புச் சட்டத்தில் சாதியைக் காக்கும் பகுதிகளை எரித்துச் சிறை சென்றார்கள். மூன்றாண்டுச் சிறை விதிக்கும் சட்டம் சில நாள் முன்புதான் இயற்றப்பட்டிருந்தது. அது தெரிந்தே போனார்கள். தீண்டாமையை ஒழித்த சட்டம் சாதியை ஏன் ஒழிக்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. எரிப்பு எனக்கு உடன்பாடில்லை. கேள்விக்கோ இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

இந்த மூன்று பள்ளிகளின் கேள்விகளையும் ஒருசேர எழுப்பும் நிகழ்ச்சி சேலம் மத்தியச் சிறையில் நடந்தது. 1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. சிறைக்குள் நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டார்கள். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காவல் சொல்லும் 21-ஆவது பிரிவு அன்று நடைமுறையில் இருந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பெரிய உரிமை வழக்குகள் இரண்டில் எதிர்த்தரப்பாக நின்றது, அந்தச் சிறையை நடத்திய அதே சென்னை மாநிலம். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தம் தடுப்புக்காவலை எதிர்த்தார். நீதிமன்றம் பெரும்பாலும் அரசின் பக்கம் நின்றது. ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழுக்குத் தடை விதித்ததை அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் எதிர்த்தார், வென்றார். அந்த வெற்றிக்குப் பதிலாக, இட ஒதுக்கீட்டைக் காத்த அதே முதல் திருத்தம் பேச்சுரிமைக்குப் ‘பொது ஒழுங்கு’ என்ற புதிய கட்டுப்பாட்டையும் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் தந்தவர் நம் மாநிலத்தவரான தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. 1952-ல் வி. ஜி. ராவ் வழக்கில் அவர் வகுத்த அளவுகள் இவை: பறிக்கப்படும் உரிமை எது, தடையின் நோக்கம் என்ன, தடுக்க நினைக்கும் தீங்கு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, தடை அதற்கு மிஞ்சியதா, அன்றைய நிலைமை என்ன. ஓர் அரசாணையைக் கையில் எடுக்கும் இளம் வக்கீல்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இன்றும் இவைதாம்.

நம் காலத்திலும் அரசிடம் இப்படிக் காரணம் கேட்டவர்கள் உண்டு. சேலம் சென்னை எட்டு வழிச் சாலைக்கான 277 கிலோமீட்டர் திட்டத்தில் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் அதிகாரத்தை ஏற்றது, ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. தென்னந்தோப்பும் கிணறும் வைத்திருந்த உழவர்கள் தோற்றார்களா வென்றார்களா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. காரணம் கேட்காமல் அவர்கள் நிலத்தைக் கொடுக்கவில்லை.

திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு எழுந்ததால், 2015 ஜனவரியில் அதன் ஆசிரியர் பெருமாள்முருகனை நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு அமைதிப் பேச்சுக்கு அழைத்தார்கள். புத்தகத்தைத் திரும்பப் பெறும் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுதுவதையே அவர் நிறுத்தினார். அங்கே தடையாணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. கூட்டத்துக்கு அஞ்சிய நிர்வாகம் கேட்டு வாங்கியது ஒரு கையெழுத்து மட்டும். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. சட்டம் ஒழுங்கின் பெயரால் எழுத்தாளரைப் பின்வாங்கச் செய்யக் கூடாது என்றது. அவர் திரும்ப எழுத வேண்டும் என்றும் சொன்னது. அவரும் எழுதினார். இந்தச் சமவெளியில் எந்த அலுவலகத்துக்கு எவர் அமைதிப் பேச்சென்று அழைக்கப்பட்டாலும், பேனாவை எடுக்கும் முன் அந்தத் தீர்ப்பின் நகலை மேசைமேல் வைக்கலாம்.