சீருடையில் நிற்கும் தாத்தா: ருமேனியப் போர்க்காலப் போட்டோக்களும் இரண்டு ஆவணப்படங்களும்

நம்மில் பலர் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. ஊரை விட்டு வந்தபோது பாத்திர பண்டங்களோடு சேர்ந்து வந்த பெட்டி. எங்கள் வீட்டுப் பெட்டியில் பட்டாள உடுப்பு போட்ட ஒருவரின் போட்டோ இருக்கிறது. "யாரும்மா இவரு?" என்று கேட்டால், "உங்க தாத்தாவோட அண்ணன். மிலிட்டரில இருந்தாராம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுப்பா" என்பார் அம்மா.

அந்த "அதுக்கு மேல" என்பதைப் பற்றியே இக்கட்டுரை. ஆனால் நான் எடுத்துக்கொண்டிருப்பது நம்ம வீட்டுப் போட்டோக்களை அல்ல, ருமேனியா நாட்டுப் போட்டோக்களை. அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்கலாம். வீட்டுப் போட்டோவில் சீருடையோடு நிற்பவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்ற விஷயத்தை அந்நாட்டு இயக்குநர் ராடு ஜூடே இரண்டு ஆவணப்படங்களில் நேருக்கு நேர் எடுத்துப் பேசியிருக்கிறார். அவற்றில் ஒன்று எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்லொபோசியா ஸ்டூடியோ

தலைநகர் புக்காரெஸ்டுக்குக் கிழக்கே, பரந்த சமவெளியில் இருக்கும் ஊர் ஸ்லொபோசியா. சுற்றிலும் விவசாய பூமி. அங்கே கோஸ்டிகா அக்சின்டே (1897–1984) என்பவர் ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். முதல் உலகப்போரில் ராணுவத்துக்காகப் படம் எடுத்தவர். போர் முடிந்து திரும்பியதும் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். கல்யாண ஜோடி, கைக்குழந்தை, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்ட விவசாயி, லீவில் வந்த சிப்பாய் என்று எல்லோரும் அவர் காமிரா முன் நின்றிருக்கிறார்கள். அவர் எடுத்த கண்ணாடித் தகடுகளில் சுமார் 5,000 மிஞ்சின. 2013-ம் ஆண்டிலிருந்து அவை கணினியில் ஏற்றப்பட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. பல தகடுகளில் ரசாயனப் பூச்சு உரிந்து, முகத்தில் பாதி போய்விட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட போட்டோக்களைப் பார்ப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். முதலில் முகத்தைப் பார்க்கிறோம். பிறகு உடுப்பைப் பார்க்க வேண்டும். பெயரும் தேதியும் இல்லாத இடத்தில் உடுப்புதான் சாட்சி சொல்லும்.

1916-ல் ருமேனியா நேச நாடுகள் பக்கம் போரில் இறங்கியது. படையைச் சீரமைக்க பிரான்ஸிலிருந்து ஒரு ராணுவக் குழு வந்தது. ஆகவே தலையில் முகடு வைத்த பிரெஞ்சு பாணி இரும்புத் தொப்பியும், அதன் முன்புறம் ஃபெர்டினாண்ட் அரசரின் பெயர் முத்திரையும் இருந்தால் அநேகமாக முதல் போர், அல்லது அதற்கு அடுத்த ஆண்டுகள். இரண்டாம் போருக்குச் சற்று முன்பு ஹாலந்து நாட்டு மாதிரித் தொப்பி வந்தது. அதில் இரண்டாம் கரோல் அரசரின் முத்திரை இருக்கும். அவர் முடி துறந்ததோ 1940 செப்டம்பரில்! அரசர் போன பிறகும் அவர் முத்திரையைத் தலையில் வைத்துக்கொண்டு சிப்பாய்கள் ரஷ்யா வரை நடந்தார்கள். இது தவிர, முன்னும் பின்னும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துணித் தொப்பி, குளிர்காலத்துக்கு உயரமான ஆட்டுத்தோல் குல்லா, முழங்கால்வரை சுற்றிய பட்டித் துணி ஆகியவை ருமேனியக் காலாட்படை வீரனின் அடையாளங்கள். மார்பில் 'கம்யூனிசத்துக்கு எதிரான சிலுவைப்போர்' என்ற பதக்கம் இருந்தால், அது 1942-ல் ஏற்படுத்தப்பட்டது. எனவே அந்தப் போட்டோ அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

ஒரே உடுப்பு, இரண்டு போர்

இவ்வளவு சொல்லும் உடுப்பு, முக்கியமான இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது.

1941 ஜூன் 22-ல் மார்ஷல் அன்டோனெஸ்குவின் ஆட்சியில் ருமேனியா, ஹிட்லரின் ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. அந்த அக்டோபரில் ஒடெஸாவைப் பிடித்தது. 1942 நவம்பர் முதல் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ருமேனியர்கள் இறந்தும், காயம்பட்டும், காணாமலும் போனார்கள். 1944 ஆகஸ்ட் 23-ல் இளம் அரசர் மிஹாய், அன்டோனெஸ்குவைக் கைது செய்தார். அந்த நாளோடு நாடு கட்சி மாறியது. அதே படை சோவியத் படையோடு தோள் சேர்ந்து ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா வரை ஜெர்மானியரை விரட்டிப் போனது.

உடுப்பு மட்டும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆகவே 1944-ல் எடுத்த ஒரு போட்டோவில் தாத்தா ஹிட்லர் பக்கமா, எதிர்ப்பக்கமா? பின்பக்கம் தேதி இருந்தால்தான் தெரியும். போர்முனைத் தபாலில் ஊர்ப்பெயருக்குப் பதில் ராணுவத் தபால் நிலைய எண்ணைப் போடுவது வழக்கம். எங்கே இருந்தார் என்பதும் அதனால் மறைந்துபோகும்.

இந்த இடைவெளியில் ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய தாத்தாவை நிறுத்திக்கொண்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த 1989 வரை அரசு வரலாறு 1944-க்குப் பிந்திய போரையே பெரிதாகப் பேசியது. அதன் பிறகு காற்று மாறியது. கிழக்குப் போர்முனை வீரம் ஆனது. அன்டோனெஸ்குவுக்குச் சில இடங்களில் சிலைகூட வைத்தார்கள். போர்க்குற்றவாளிகளுக்குச் சிலை வைக்கக் கூடாது என்று 2002-ல் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. எலி வீசல் தலைமையிலான ஆணையம் 2004-ல் தந்த அறிக்கை, ருமேனியாவிலும் அதன் பிடியில் இருந்த பகுதிகளிலும் கொல்லப்பட்ட யூதர்கள் 2,80,000 முதல் 3,80,000 வரை என்றது.

முதல் படம்: பெயர் இல்லாத முகங்கள்

இந்தப் பின்னணியில்தான் ஜூடேயின் 'இறந்துபோன நாடு' (2017) என்ற ஆவணப்படத்தைப் பார்க்க வேண்டும். அக்சின்டேயின் போட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அசையாமல் வருகின்றன. பின்னணியில் எமில் டோரியான் என்ற யூத மருத்துவர் புக்காரெஸ்டில் எழுதிய நாட்குறிப்பை இயக்குநரே வாசிக்கிறார். இடையிடையே அக்கால ரேடியோ, தேசியப் பாட்டுகள், தலைவர்களின் பேச்சு. 1937-ல் தொடங்கி 1946 வரை போகிறது.

போட்டோவில் கல்யாணம் நடக்கிறது. குரல், யூதர்களின் குடியுரிமை பறிபோனதைச் சொல்கிறது. போட்டோவில் சிப்பாய் ஒருவர் மனைவியின் தோளில் கை போட்டு நிற்கிறார். குரல், படுகொலைச் செய்திகளைச் சொல்கிறது. போட்டோவில் வராதது எது என்று நமக்கே உறைக்கிறது. வீட்டு ஆல்பம் எப்போதும் நல்ல நாளை மட்டும் எடுத்து வைக்கும். ஆல்பத்தை நம்பி ஒரு நாட்டின் கதையைச் சொன்னால், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடும். இதை ஒரு வரிகூட விளக்கம் சொல்லாமல் காட்டியது பெரிய சாதனை என்றே சொல்வேன்.

ஆனால் ஒரு குறை. 'இணை வாழ்க்கைகளின் துணுக்குகள்' என்று படத்துக்கு ஒரு துணைத் தலைப்பு உண்டு. இணைகோடுகள் சந்திப்பதில்லை என்று இயக்குநர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பார்ப்பவர் மனசு கேட்குமா? கொலைச் செய்தி காதில் விழும் நேரத்தில் எந்த முகம் திரையில் இருக்கிறதோ, அந்த முகத்தின் மேல் பழி போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சிப்பாய் ஒடெஸாவில் துப்பாக்கி பிடித்தவனா, ஸ்டாலின்கிராடில் பனியில் செத்தவனா, ஊரிலேயே லாயம் பார்த்தவனா என்று நமக்குத் தெரியாது. உடுப்பின் விவரம், பெயர், தேதி எதையும் படம் நிறுத்திச் சொல்வதில்லை. ஒரு நாட்டின் மௌனத்தைக் குற்றம் சாட்டுவதற்காக, பதில் சொல்ல முடியாத தனி மனிதர்களைக் கூண்டில் ஏற்றியது போல ஆகிவிடுகிறது.

இரண்டாவது படம்: பெயர் உள்ள முகங்கள்

இந்தக் குறைக்கு ஜூடேயே ஒரு பதில் வைத்திருக்கிறார். வரலாற்றாய்வாளர் அட்ரியான் சியொஃப்லிங்காவோடு சேர்ந்து 2020-ல் எடுத்த 'ரயில்கள் புறப்படுதல்' என்ற நீண்ட ஆவணப்படம் அது. 1941 ஜூன் இறுதியில் யாஷ் நகரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ருமேனியப் போலீசும் ராணுவத்தினரும், ஜெர்மானியச் சிப்பாய்களும், சாதாரண ஊர் மக்களும் இதில் இருந்தார்கள். உயிரோடு பிடிபட்டவர்களை மூடிய சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து, கொடும் வெயிலில் தண்ணீர்கூட இல்லாமல் அங்குமிங்கும் ஓட்டினார்கள். இறந்தவர்கள் 13,000-க்கும் மேல்.

இதிலும் வீட்டுப் போட்டோக்கள்தான். ஆனால் ஒவ்வொரு முகமும் ஒரு பெயரோடு வருகிறது. அவரை யார் அழைத்துப் போனார்கள், எப்படி முடிந்தது என்பதை மனைவியோ, மகளோ, அண்டை வீட்டாரோ தந்த வாக்குமூலம் சொல்கிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் இப்படியே. கடைசியில் அந்த நாட்களில் எடுக்கப்பட்ட கொலைக்களப் போட்டோக்கள் வருகின்றன. முதலில் முகங்களை நாம் அறிந்துகொண்டதால், தெருவில் கிடப்பவர்கள் வெறும் பிணங்களாகத் தெரிவதில்லை.

முதல் படத்தைவிட இதையே நான் மேலாக வைப்பேன். முதல் படம் சந்தேகிக்கக் கற்றுத் தருகிறது. இரண்டாவது, சந்தேகத்தோடு நிற்காமல் விசாரிக்கிறது. பெயர், தேதி, இடம், சாட்சி என்று சேர்த்துத் தருகிறது. போட்டோ ஒரு கேள்விதான். பதிலை வேறிடத்தில் தேட வேண்டும்.

தாத்தாவிடம் உள்ள பாசத்துக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. தெரியாத தாத்தாவைப் போற்றுவதைவிட, தெரிந்த தாத்தாவை நினைப்பது கஷ்டமானது. மரியாதை அதில்தான் அதிகம்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். 1942-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் சேரவில்லை. இரு தரப்புக் குடும்பங்களிலும் போட்டோ இருக்கும், கதை இருக்காது.

படங்களைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டுப் போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது. அம்மா சொன்ன உறவுமுறையைப் பென்சிலால் எழுதி, "எந்தப் படை? எந்த வருஷம்?" என்று இரண்டு கேள்வியும் எழுதி வைத்தேன். ஊரில் இருக்கும் தொண்ணூறு வயசு அத்தைப் பாட்டிக்குப் போன் போட்டேன். "அவன் காக்கிச் சட்டையோட வந்தப்ப நான் சின்னப் பொண்ணு. நேர்ல வா, சொல்றேன்" என்றார். அடுத்த மாதம் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தைப் பாட்டி இருந்தால் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.